சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்கு 70 சதவீத டார்க் சாக்லேட்: எவ்வளவு, எந்த வகை, எப்படிச் சமைப்பது?

காவிரிக்கரை (திருச்சி):

வணக்கம். என் தந்தைக்கு 67 வயது. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். டார்க் சாக்லேட் இதயத்துக்கு நல்லது என்று யாரோ அனுப்பிய செய்தியைப் படித்த நாளிலிருந்து, மாலை நடைக்குப் பிறகு அரைக் கட்டி சாக்லேட் சாப்பிடுவதை ஒரு விரதம் போலக் கடைப்பிடிக்கிறார். முதலில் சர்க்கரை சேர்க்காதது என்று அச்சிட்டிருந்த ஒன்றை வாங்கினோம். அன்று இரவு முழுவதும் வயிற்றுப்போக்கு. காலையில் உறையைத் திருப்பிப் பார்த்தால், சர்க்கரைக்குப் பதிலாக மால்டிடால் என்ற பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். இப்போது 70 சதவீதம் என்று போட்ட 100 கிராம் கட்டிக்கு மாறியிருக்கிறோம். இதில் அவருக்கு உண்மையான பயன் ஏதேனும் உண்டா, அளவு என்ன, வெறுமனே கடித்துத் தின்பதைத் தவிர வீட்டுச் சமையலில் இதைப் பயன்படுத்த வழி உண்டா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

உணவியல் மேசை (சென்னை):

உங்கள் தந்தைக்கு ஏற்பட்டது மால்டிடாலின் வழக்கமான விளைவுதான். அது சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குச் சென்று, அங்கே நீரை இழுத்து, நுண்ணுயிரிகளால் நொதித்து வாயுவையும் உண்டாக்கும். சர்க்கரை அளவுக்கு இல்லாவிட்டாலும் இரத்தத்தில் குளுக்கோஸையும் அது ஓரளவு ஏற்றும் என்பதால், சர்க்கரை இல்லை என்ற சொல்லை நம்பி அளவில்லாமல் சாப்பிடுவது இரண்டு வகையிலும் நட்டம்.

இனி 70 சதவீதத்துக்கு வருவோம். 70 முதல் 85 சதவீதம் வரை கோகோ உள்ள சாக்லேட் 100 கிராமில், அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, ஏறக்குறைய 600 கலோரியும், 43 கிராம் கொழுப்பும், 24 கிராம் சர்க்கரையும், 11 கிராம் நார்ச்சத்தும், 8 கிராம் புரதமும், 228 மில்லிகிராம் மெக்னீசியமும், 12 மில்லிகிராம் இரும்பும் இருக்கின்றன. பார்ப்பதற்குப் பெரிய பட்டியலாகத் தோன்றுவதற்குக் காரணம் 100 கிராமுக்குக் கணக்குப் போட்டிருப்பதுதான். நியாயமான ஒரு வேளை அளவான 20 கிராமுக்கு இறக்கிப் பாருங்கள்: 120 கலோரி, ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை, 2 கிராம் நார், 46 மில்லிகிராம் மெக்னீசியம். உங்கள் தந்தை சாப்பிடும் அரைக் கட்டி 50 கிராம் என்றால், அது 300 கலோரி. இரவு உணவுக்கு முன்பே நான்கைந்து இட்லி சாப்பிட்டதற்குச் சமம்.

இரும்புச் சத்தை நம்பி இதைச் சாப்பிட வேண்டாம். தாவர உணவில் உள்ள இரும்பு என்பதால் உடல் அதைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. போதாக்குறைக்கு, தேநீரைப் போலவே கோகோவில் உள்ள பாலிபீனால்களும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கொழுப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்காக ஒன்று: கோகோ வெண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம். நிறைவுற்ற கொழுப்பாக இருந்தும் அது கெட்ட கொலஸ்டிராலை உயர்த்துவதில்லை. ஆனால் கால் பங்கு பால்மிட்டிக் அமிலமும் கூடவே இருக்கிறது; அது உயர்த்தும்.

சந்தேகப்பிராணி:

இதயத்துக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வதற்கு அடிப்படை என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, ஆய்வுகளில் கொடுப்பது ஒன்று, கடையில் விற்பது வேறொன்று.

உணவியல் மேசை:

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். பனாமா நாட்டின் சான் பிளாஸ் தீவுகளில் வாழும் குனா பழங்குடியினருக்கு வயதானாலும் இரத்த அழுத்தம் உயர்வதில்லை என்பதும், அவர்களே பனாமா நகரத்துக்குக் குடிபெயர்ந்தால் உயர்கிறது என்பதும் ஆர்வத்தைத் தூண்டிய கண்டுபிடிப்புகள். அவர்கள் தீவில் நாள்தோறும் பலமுறை கோகோ பானம் குடிப்பவர்கள். அதைத் தொடர்ந்து ஹார்வர்டின் நார்மன் ஹோலன்பெர்க் போன்றோர் கோகோவில் உள்ள ஃபிளேவனால் என்ற பொருள் இரத்தக் குழாயின் உட்சுவரைத் தளர்த்துகிறதா என்று ஆராய்ந்தார்கள். தளர்த்துகிறது, அதில் பெரிய சர்ச்சை இல்லை. நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கோகோ ஃபிளேவனால் இரத்த ஓட்டத்துக்கு உதவும் என்ற கூற்றை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் ஏற்றுக்கொண்டது.

ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 35 சோதனைகளைத் தொகுத்து 2017-இல் வெளியிட்ட மதிப்பாய்வில், இரத்த அழுத்தம் சராசரியாக 2 புள்ளிக்கும் குறைவாகவே இறங்கியது. அமெரிக்காவில் 21,442 முதியவர்களிடம் நடந்த காஸ்மோஸ் ஆய்வில் நாள்தோறும் 500 மில்லிகிராம் ஃபிளேவனால் கொடுத்தார்கள். ஒட்டுமொத்த இதய நிகழ்வுகளில் புள்ளியியல் நோக்கில் உறுதியான குறைவு தெரியவில்லை. இதய நோயால் இறந்தோர் எண்ணிக்கை மட்டும் 27 சதவீதம் குறைந்தது. அவர்களுக்குக் கொடுத்தது சாக்லேட் அல்ல, மாத்திரை என்பதை மறக்கக் கூடாது. மார்ஸ் சாக்லேட் நிறுவனம் அந்த ஆய்வுக்கு நிதி உதவியதையும்தான். டார்க் சாக்லேட் அடிக்கடி சாப்பிடுவோருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் 21 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2024 இறுதியில் வந்த செய்தி, மக்களின் உணவுப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் கவனித்துச் சொன்னது. ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு அது மருந்தாகும் என்று அதில் யாரும் சொல்லவில்லை.

தென்னந்தோப்பு (ஆனைமலை):

நான் தென்னைக்கு இடையில் ஊடுபயிராகக் கோகோ வளர்ப்பவன். அட்டையில் உள்ள சதவீதத்தை வைத்துப் பயனை அளக்கும் நண்பர்களுக்கு எங்கள் களத்தில் நடப்பதைச் சொன்னால் விஷயம் எளிதில் விளங்கும் என்று நினைக்கிறேன்.

கோகோ காயை உடைத்தால், வெள்ளைச் சதையில் பொதிந்து முப்பது நாற்பது விதைகள் இருக்கும். அந்தச் சதை இனிப்பும் புளிப்புமாக, ஏறக்குறைய மங்குஸ்தான் போலச் சுவைக்கும்; அணில் எங்களோடு போட்டிக்கு வருவது அதற்காகத்தான். விதையை நேராகக் கடித்தால் உள்ளே ஊதா நிறமாக இருக்கும். பாக்கை மென்றது போல நாக்கு சுருங்கும். அந்தத் துவர்ப்புதான் மேலே சொல்லப்பட்ட ஃபிளேவனால். சதையோடு விதைகளை மரப்பெட்டியில் கொட்டி, மேலே வாழை இலை போட்டு மூடி, ஐந்து முதல் ஏழு நாள் வரை புளிக்க வைக்கிறோம். இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். மூன்றாம் நாள் கையை உள்ளே விட்டால் சுடும். வெப்பம் 45 டிகிரியைத் தாண்டிவிடும், காடி வாடை மூக்கில் ஏறும். பிறகு வெயிலில் ஒரு வாரம் காய்ச்சல். காய்ந்த விதையைக் கத்தியால் நெடுக்காக வெட்டிப் பார்ப்போம். பழுப்பாக இருந்தால் நல்ல விலை, ஊதா மிஞ்சியிருந்தால் சரியாகப் புளிக்கவில்லை என்று வியாபாரி விலையைக் குறைப்பார்.

ஊதா பழுப்பாக மாறும்போதே ஃபிளேவனாலில் பெரும்பகுதி போய்விடுகிறது. பிறகு வறுப்பதில் இன்னும் கொஞ்சம். சாக்லேட்டின் மணத்துக்காக நாங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையும் உங்கள் மருந்தைக் குறைக்கிற வேலை. ஆகவே 70 சதவீதம் என்பது கோகோ எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும், அதுவும் கோகோ வெண்ணெயையும் சேர்த்து. ஒரே சதவீதம் போட்ட இரண்டு கட்டிகளில் ஒன்றில் வெண்ணெய் கூடுதலாகவும் மற்றொன்றில் விதைத் தூள் கூடுதலாகவும் இருக்கலாம்.

மாவும் மணமும் (கோவை):

தோப்புக்கார அண்ணன் சொன்னதற்குத் தொடர்ச்சியாக, கோகோ தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமையலில் பலரும் பயன்படுத்துவது அதைத்தான். 1828-இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தார் விதையிலிருந்து வெண்ணெயைப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். தூள் தண்ணீரில் எளிதாகக் கலக்க வேண்டும் என்பதற்காகக் காரப் பொருள் சேர்க்கும் பழக்கமும் அவர்களிடமிருந்தே வந்தது. டச்சு முறைத் தூள் என்பது இதுதான். கறுத்து, புளிப்பு நீங்கி, கேக்குக்கு அழகான நிறம் கொடுக்கும். ஆனால் 2008-இல் வெளிவந்த ஓர் அளவீட்டில், காரமேற்றாத தூளில் கிராமுக்கு ஏறக்குறைய 34 மில்லிகிராம் இருந்த ஃபிளேவனால், மிகுதியாகக் காரமேற்றிய தூளில் 4 மில்லிகிராமுக்கு இறங்கியிருந்தது.

கடையில் கண்டுபிடிப்பது கடினமில்லை. பொருட்பட்டியலில் அமிலத்தன்மையைச் சீராக்கும் பொருள் என்று எழுதி 500 அல்லது 501 என்ற எண் போட்டிருந்தால் அது காரமேற்றியது. கறுப்பாக இருப்பதால் சத்து அதிகம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். இளஞ்செம்பழுப்பாக, கொஞ்சம் புளிப்பாக இருப்பதே காரமேற்றாத தூள். அடுமனை வேலையிலும் வேறுபாடு உண்டு. காரமேற்றாத தூள் புளிப்புள்ளது என்பதால் ஆப்பசோடாவோடு சேர்ந்து கேக்கை உப்ப வைக்கும். டச்சுத் தூளுக்கு ஆப்பசோடா மட்டும் போட்டால் சோப்பு வாடை அடிக்கும், அதற்கு பேக்கிங் பவுடர் வேண்டும்.

இன்னொன்று. மளிகைக் கடைகளில் டார்க் காம்பவுண்ட் என்று பெரிய பாளமாக விற்பது சாக்லேட்டே அல்ல. கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பும், நிறையச் சர்க்கரையும், கொஞ்சம் கோகோ தூளும் சேர்ந்த கலவை. உருக்கி ஊற்றினால் உடனே இறுகிவிடும் என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு அது வசதி. நானும் வாடிக்கையாளர் கேட்டால் பயன்படுத்துகிறேன், மறைக்கவில்லை. ஆனால் உங்கள் தந்தைக்கு அதை வாங்காதீர்கள்.

கல்லடைப்பான் (மதுரை):

என் பெயரைப் பார்த்தாலே என் கதை புரிந்திருக்கும். இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்தவன். மருத்துவர் கீரையைக் குறைக்கச் சொன்னார், நானும் குறைத்தேன். ஆனால் காலையும் மாலையும் பாலில்லாமல் வெந்நீரில் கோகோ கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். கல் உருவாகக் காரணமான ஆக்சலேட் என்ற பொருள் கீரையைப் போலக் கோகோவிலும் மிகுதி என்பதை இரண்டாவது கல்லுக்குப் பிறகுதான் ஒருவர் எனக்குச் சொன்னார். சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. பாதித்த சிறுநீரகத்துக்குப் பொட்டாசியம் சுமை. 100 கிராம் டார்க் சாக்லேட்டில் அது 700 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ஐயா அவர்களுக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உணவியல் மேசை:

நல்ல நினைவூட்டல். உங்களைப் போன்றவர்கள் கோகோவை விட்டுவிட முடியாவிட்டால் பாலோடு குடிப்பதே மேல். பாலில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடும். பால் ஃபிளேவனாலைத் தடுக்கிறது என்று 2003-இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் வந்தவை அதை உறுதி செய்யவில்லை. கல் வரும் உடம்புக்கு அந்தக் கவலை இரண்டாம்பட்சம்.

சந்தேகப்பிராணி:

சாக்லேட்டில் கலந்திருக்கும் காட்மியம், ஈயம் என்ற நச்சு உலோகங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே? 2022 டிசம்பரில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 28 டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்தது. நாளுக்கு 28 கிராம் சாப்பிட்டால், அவற்றில் 23 வகைகள் கலிபோர்னியாவின் கடுமையான வரம்பை ஏதேனும் ஓர் உலோகத்திலாவது தாண்டின. கோகோ சதவீதம் ஏற ஏற இதுவும் ஏறுமல்லவா?

தென்னந்தோப்பு:

காட்மியத்தைப் பொறுத்தவரை ஏறும். அது மண்ணிலிருந்து வேர் வழியாக விதைக்குள்ளேயே போய்விடுவது. நாங்கள் கழுவினாலும் போகாது. எரிமலை மண்ணும் இளம் மண்ணும் உள்ள தென்னமெரிக்கப் பகுதிகளில் கூடுதலாகவும், மேற்கு ஆப்பிரிக்காவில் குறைவாகவும் இருக்கும். ஈயம் அப்படியல்ல. அது பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகு, காய வைக்கும் இடத்தில், புழுதியோடு தோலில் ஒட்டுவது. சாலையோரத் தார்க்களத்தில் கொட்டிக் காய வைத்தால் வரத்தான் செய்யும். நான் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் வலைத்தட்டு கட்டி, மேலே கூரைத் தாள் போட்டுக் காய வைக்கிறேன், செலவு அதிகம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல், 50 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள சாக்லேட்டில் கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் காட்மியம் என்று வரம்பு வைத்திருக்கிறது. நாள்தோறும் ஒரே வகையை உண்ணாமல் வெவ்வேறு நாட்டு விதையில் செய்ததை மாற்றி மாற்றி வாங்குவதே வாங்குகிறவர் கையில் உள்ள வழி. கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் தினமும் சாப்பிட வேண்டாம் என்றே நான் என் உறவினர்களுக்குச் சொல்கிறேன்.

காவிரிக்கரை:

இவ்வளவு விரிவாகச் சொன்ன அனைவருக்கும் நன்றி. மருத்துவரிடம் கேட்டுவிட்டேன், சிறுநீரகம் நன்றாக இருப்பதால் 15 கிராம் வரை சாப்பிடலாம் என்றார். அது எங்களிடம் உள்ள கட்டியில் இரண்டு வில்லை. இனிச் சமையலுக்கு வாருங்கள். என் மகள் காலையில் வாழைப்பழமும் கோகோ தூளும் பாலும் சேர்த்து அடித்துத் தாத்தாவுக்கும் கொடுக்கிறாள். அது தொடரலாமா?

உணவியல் மேசை:

தாத்தாவுக்குச் சர்க்கரை நோய் என்பதால் மட்டுமல்ல, வேறொரு காரணத்துக்காகவும் வாழைப்பழத்தை விலக்கலாம். வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப் போகிறதே, அதைச் செய்யும் நொதி பழத்திலும் உண்டு. பழத்தோடு சேர்த்து அடிக்கும்போது அதே நொதி ஃபிளேவனாலையும் சிதைத்துவிடுகிறது. 2023-இல் வெளிவந்த சிறிய ஆய்வு ஒன்றில், வாழைப்பழச் சாற்றோடு எடுத்துக்கொண்டவர்களின் இரத்தத்தில், ஃபிளேவனால் மாத்திரையை மட்டும் விழுங்கியவர்களைவிட 84 சதவீதம் குறைவாகவே அது சேர்ந்திருந்தது. அந்த நொதி குறைவாக உள்ள பெர்ரிப் பழச் சாற்றில் இந்தச் சிக்கல் வரவில்லை. கொய்யாத் துண்டையோ ஆரஞ்சுச் சுளையையோ அருகில் வைத்துச் சாப்பிட்டால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்படவும் கொஞ்சம் உதவும்.

மாவும் மணமும்:

சமையல் என்றதும் ஓடி வந்துவிட்டேன். சாக்லேட்டை இனிப்புப் பண்டத்தின் பட்டியலிலிருந்து எடுத்து, மிளகு, பெருங்காயம் இருக்கும் வரிசையில் வைத்துப் பாருங்கள். அளவு தானாகக் குறையும். மெக்சிகோவின் புவெப்லா ஊரில் மோலே என்றொரு குழம்பு வைக்கிறார்கள். வறுத்த மிளகாய்வற்றல் வகைகள், எள், பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் அரைத்து, கடைசியில் சிறிது சாக்லேட் போடுவார்கள். அதில் சாக்லேட் இனிப்புக்காக அல்ல, மிளகாயின் காரத்துக்கு அடியில் ஒரு கனம் கொடுப்பதற்காக. அந்த எண்ணத்தில் நான் எங்கள் வீட்டுக் கறுப்புக் கொண்டைக்கடலைக் குழம்பில் வெல்லத்துக்குப் பதிலாக 85 சதவீதச் சாக்லேட் 10 கிராம் போட்டேன். நான்கு பேர் சாப்பிட்டோம், யாரும் கண்டுபிடிக்கவில்லை. எள் வறுத்துப் போட்டாயா என்று மட்டும் மாமியார் கேட்டார். அடுப்பை அணைத்த பிறகே போட வேண்டும். கொதிக்கும்போது போட்டால் அடியில் பிடித்துக் கசக்கும்.

இரண்டாவது, கிரீம் இல்லாத சாக்லேட் நுரை. பிரான்சின் வேதியியலாளர் ஏர்வே தீஸ் கண்டுபிடித்த முறை இது. 70 சதவீதச் சாக்லேட் 100 கிராமைச் சீவி, 90 மில்லி தண்ணீரோடு ஒரு கிண்ணத்தில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். சாக்லேட்டில் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒன்றிரண்டு சொட்டுப் பட்டால்தான் சர்க்கரையும் தூளும் திரண்டு மண்ணாங்கட்டியாகும், தாராளமாகத் தண்ணீர் சேர்த்தால் பளபளப்பான குழம்பாகிவிடும். அந்தக் கிண்ணத்தை ஐஸ்கட்டி நிரப்பிய பெரிய பாத்திரத்தில் இறக்கி, மத்தாலோ முட்டை அடிக்கும் கம்பியாலோ விடாமல் அடியுங்கள். முதல் மூன்று நான்கு நிமிடம் சாறு போலவே ஓடும், வீணாகிவிட்டது என்று தோன்றும். பிறகு திடீரென்று கம்பியின் தடம் மறையாமல் நிற்கும். அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். இன்னும் பத்து முறை அடித்தாலும் மணல் மணலாகிவிடும்; அப்படியானால் மீண்டும் உருக்கி அடிக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. ஏழெட்டுப் பேருக்கு வரும். ஆளுக்கு 12 முதல் 14 கிராம் சாக்லேட். பாலேடும் இல்லை, கூடுதல் சர்க்கரையும் இல்லை. மேலே இரண்டு கல் உப்பை நசுக்கித் தூவினால் கசப்பு அடங்கும்.

கேழ்வரகுக் கூழில் கோகோ தூள் ஒரு தேக்கரண்டி போடுவதும் எங்கள் வீட்டில் உண்டு. தூளைக் கொஞ்சம் வெந்நீரில் குழைத்துவிட்டுச் சேர்க்காவிட்டால் கட்டி தட்டும்.

கல்லடைப்பான்:

கூழை எனக்கு யாரும் பரிந்துரைக்க வேண்டாம். குழம்பை மட்டும் ஒருநாள் வைத்துப் பார்க்கிறேன்.

காவிரிக்கரை:

நுரையை நேற்று மகளோடு சேர்ந்து செய்தோம். முதல்முறை மணலாகிவிட்டது, இரண்டாம் முறை வந்தது. அப்பா தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, இது கட்டி இல்லையே என்று வாதாடினார், சேர்த்துவிட்டோம். கடைசியாக ஒரு கேள்வி. மீதமிருந்த கட்டியில் மேலெல்லாம் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. பூஞ்சையா, எறிந்துவிடவா?

மாவும் மணமும்:

எறியாதீர்கள். திருச்சி வெயிலில் உருகிக் கோகோ வெண்ணெய் மேலே வந்து மீண்டும் உறைந்திருக்கும். விரலால் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு மறைந்தால் அதுதான். சொரசொரப்பாக இருந்தால், குளிர்பெட்டியின் ஈரம் பட்டுச் சர்க்கரை கரைந்து படிந்தது. இரண்டுமே உடம்புக்குக் கெடுதல் இல்லை, கடிக்கும்போது மொறுமொறுப்பு மட்டும் இருக்காது. நுரைக்கோ குழம்புக்கோ எடுத்து வையுங்கள். அடுத்த கட்டியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, எடுத்த பிறகு டப்பாவைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே விட்டு, அதன்பின் பிரியுங்கள்.